மாண்டவர் மீளும் ஆட்டம்

சென்ற திங்கள் நம் சங்க உறுப்பினர் ஒருவர் எனக்கு ஒரு கடிதம் எழுதியிருந்தார். அதன் சாரம் இது: “என் மகன் விடுமுறை நாள்களில் நண்பர்களைக் கூட்டிவைத்து ஏதோ ஓர் ஆட்டம் ஆடுகிறான். அதில் பல தெய்வங்கள் வருகின்றன. செத்தவர்கள் எழுந்து வருகிறார்கள். இவனோ, ‘நான் எந்தச் சாமியையும் கும்பிடாதவன்’ என்று உரக்கச் சொல்லி ஆடுகிறான். வீட்டில் விளக்கேற்றும் நேரத்தில் இதைக் கேட்கச் சங்கடமாக இருக்கிறது. இவ்வாட்டத்தை நிறுத்திவிடலாமா? தங்கள் பகுதியில் ஒரு வார்த்தை எழுதுங்கள்.”

கண்ணால் காணாததைப் பற்றித் தீர்ப்புக் கூறுதல் முறையன்று. ஆதலின் ஒரு ஞாயிறு மாலை அவர் இல்லத்திற்கே சென்றேன். டிசம்பர் மாதத்தில் நம் ஊரில் ஐந்து மணிக்கே பொழுது சாய்ந்துவிடும் அல்லவா? விளக்கு ஏற்றியாகிவிட்டது. கூடத்தில் ஒரு பாயை விரித்து ஐந்து பிள்ளைகள் வட்டமாக அமர்ந்திருந்தார்கள். நடுவில் சில தாள்கள், பென்சில்கள், பல முகங்கள் கொண்ட பகடைகள். வேறொன்றும் இல்லை. நண்பரும் நானும் நாற்காலிகளில் அமர்ந்து பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஆட்டத்தின் வரலாற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். அமெரிக்க நாட்டின் விஸ்கான்சின் மாநிலத்தில் லேக் ஜெனீவா என்றோர் ஊர் உண்டு. அவ்வூரைச் சேர்ந்த கேரி கைகாக்ஸ் என்பவரும், டேவ் ஆர்னசன் என்ற மற்றொருவரும் சேர்ந்து 1974ஆம் ஆண்டில் ‘டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ்’ என்ற ஆட்டத்தை வெளியிட்டனர். முதற்பதிப்பு ஆயிரம் படிகளே. இன்று அது உலகெங்கும் பரவியிருக்கிறது. ஒருவர் கதையை நடத்துவார். ஏனையோர் ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்பர்: ஒருவர் வீரர், ஒருவர் மந்திரவாதி, ஒருவர் தெய்வத்தின் பூசகர். கதை நடத்துபவர் ஒரு நிலைமையைச் சொல்ல, ‘நான் இதைச் செய்கிறேன்’ என்று மற்றவர்கள் வாயால் சொல்வார்கள். அச்செயல் கைகூடியதா இல்லையா என்பதை இருபது முகப் பகடை தீர்மானிக்கும். பலகை வேண்டுவதில்லை, வென்றவர், தோற்றவர் என்ற முடிவும் இல்லை. நம் ஊர்த் தெருக்கூத்தையும் பகடையாட்டத்தையும் ஒன்றாகக் கலந்தால் எப்படியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள், ஏறக்குறைய அதுதான்.

‘தெய்வத்தை வைத்து விளையாடலாமா?’ என்ற அச்சம் நம் நண்பருக்கு மட்டும் உரியதன்று. 1980களில் அமெரிக்காவிலேயே சமயப் பற்றுடைய பெற்றோர் பலர் இவ்வாட்டத்தை எதிர்த்தனர். 1989இல் வெளிவந்த இரண்டாம் பதிப்பில் பேய், பிசாசு என்ற சொற்களையே நீக்கிவிட்டு வேறு புதுப்பெயர்களை இட்டார்கள் என்றால் எதிர்ப்பின் வேகத்தை உய்த்துணரலாம். ஆயின் நம் பாட்டிமார்கள் வைகுண்ட ஏகாதசி இரவில் கண் விழித்து ஆடிய பரமபதம் என்ன? அதுவும் பகடையாட்டந்தான். பாவம் பாம்பாகக் கொத்தும். புண்ணியம் ஏணியாக ஏற்றும். உச்சிக் கட்டத்தில் திருமால் வீற்றிருப்பார். தெய்வத்தையும் பகடையையும் ஒரே தாளில் வைப்பது நமக்குப் புதிதன்று.

புதிதாக இருப்பது வேறொன்று. இவ்வாட்டத்தில் இறந்தவர் எழுவதற்கு விலையும் விதியும் எழுதிவைத்திருக்கிறார்கள். 2014ஆம் ஆண்டுப் பதிப்பின்படி, இறந்து ஒரு நிமிடத்திற்குள் என்றால் முந்நூறு பொற்காசு பெறுமான வைரம் போதும். பத்து நாள்களுக்குள் என்றால் ஐந்நூறு காசு வைரம். நூறு ஆண்டு வரை சென்றிருந்தால் ஆயிரம் காசு வைரம். இருநூறு ஆண்டு வரை என்றால் இருபத்தையாயிரம் காசு வைரம். செலவழித்த வைரம் மந்திரத்தில் அழிந்துபோகும். முதுமையால் இறந்தவரை இம்மந்திரங்களுள் பெரும்பாலானவற்றால் எழுப்ப இயலாது. எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு விதி உண்டு: இறந்தவரின் உயிர் தானே விரும்பி வந்தாலன்றி எந்த மந்திரமும் பலிக்காது. 1978ஆம் ஆண்டுப் பதிப்பு இன்னும் கடுமையானது. ஒவ்வொரு முறை எழும்போதும் உடல் உரத்தில் ஓர் அலகு குறையும். ஆகவே மீள்வதற்கும் ஓர் எல்லை இருந்தது.

இதைக் கேட்டதும் எனக்கு மணிமேகலைக் காப்பியத்தின் சக்கரவாளக் கோட்டம் உரைத்த காதை நினைவிற்கு வந்தது. காவிரிப்பூம்பட்டினத்தில் சார்ங்கலன் என்ற சிறுவன் தனியே சுடுகாட்டுப் பக்கம் சென்று, அங்கே பேயொன்று ஆடுவதைக் கண்டு அஞ்சி, தாயிடம் ஓடிவந்து உயிர் விடுகிறான். தாய் கோதமை மகனின் உடலைத் தழுவி எடுத்துக்கொண்டு நகரின் காவல் தெய்வமாகிய சம்பாபதியை அழைக்கிறாள். கண் இழந்த கணவனைக் காக்க மகன் வேண்டும். அவனுயிருக்கு ஈடாகத் தன்னுயிரை எடுத்துக்கொள் என்று மன்றாடுகிறாள். தெய்வமே நேரில் வந்து நிற்கிறது. வந்தும் என்ன சொல்கிறது? போன உயிர் வினைவழியே வேறு பிறப்பை அடைந்துவிடும், அதை மீட்பது தன்னால் ஆகாது என்கிறது. உயிருக்கு உயிர் கொடுத்து மீட்க இயலுமாயின், உலகாளும் மன்னர்க்காக உயிர் கொடுப்பார் இலரோ என்று கேட்டு, அந்தச் சுடுகாட்டில் அரசர்களுக்கென எழுப்பிய ஆயிரம் கோட்டங்களைச் சுட்டிக்காட்டுகிறது. கோதமை அப்போதும் விடுவதாயில்லை. தேவர்கள் வரம் தருவர் என்று மறை கூறுகிறதே என்கிறாள். உடனே சம்பாபதி சக்கரவாளத்துத் தேவர் அனைவரையும் அவள் முன் வரவழைக்கிறாள். அனைவரும் ஒரு முகமாக அதையே சொல்கின்றனர். அதன் பின்னரே அத்தாய் துயர் தெளிந்து மகனை ஈமத்தில் இடுகிறாள்.

இவ்வாட்டத்தை ஆடுவோர் ஐம்பது ஆண்டுகளாகத் தம்முள் கேட்டுவரும் கேள்வியும் இதுதான். வைரம் கொடுத்தால் உயிர் மீளும் என்றால் எந்த மன்னன் சாவான்? சாவு ஏழைகளுக்கு மட்டும் உரியதாகிவிடாதா? சாத்தனார் அக்கேள்வியைப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே ஒரு தெய்வத்தின் வாயில் வைத்துவிட்டார்.

நம் இலக்கியம் ஒரு குரலில் மட்டும் பேசுவதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். சேக்கிழார் பாடிய பெரியபுராணத்தில் மயிலாப்பூர் வணிகர் சிவநேசரின் மகள் பூம்பாவை பூப்பறிக்கையில் பாம்பு தீண்டி இறக்கிறாள். தந்தை எலும்பையும் சாம்பலையும் குடத்தில் இட்டுக் காக்கிறார். திருஞானசம்பந்தர் வந்து பாட, அவள் எழுகிறாள். திங்களூரில் அப்பூதியடிகளின் மகனைத் திருநாவுக்கரசர் எழுப்புகிறார். அவிநாசியில் முதலை விழுங்கிய பாலகனைச் சுந்தரர் மீட்கிறார். நம் கிறித்தவ அன்பர்கள் கல்லறையிலிருந்து நான்காம் நாள் வெளிவந்த லாசரை நினைப்பார்கள். இக்கதைகளில் எங்கும் வைரமில்லை, விலையில்லை. சிவநேசர் தம் மகளை மணந்துகொள்ளுமாறு வேண்டியபோதுகூடச் சம்பந்தர் மறுத்துவிடுகிறார். தாம் உயிர் தந்தமையால் அவள் தமக்கு மகள் முறை என்கிறார். அருளுக்கு விலை இல்லை என்பது அடியார்களின் கொள்கை. மந்திரத்திற்கு விலை உண்டு என்பது ஆட்டத்தின் விதி. பிள்ளைகள் இவ்விரண்டையும் ஒருங்கே தெரிந்துகொண்டால் ஆட்டம் அவர்களைக் கெடுத்துவிடாது.

இனி நண்பரை உறுத்திய விஷயத்திற்கு வருவோம். பூசகர் கை வைத்தால் பிணம் எழும் ஓர் உலகில், ‘நான் தெய்வத்தை ஏற்கமாட்டேன்’ என்று ஒருவன் சொல்வது எப்படிப் பொருந்தும்?

இலங்கையில் ஆபிரகாம் கோவூர் என்ற பகுத்தறிவாளர் இருந்தார். கேரளத்தில் பிறந்து, இலங்கையில் ஆசிரியப் பணி புரிந்து, 1978இல் மறைந்தவர். மோசடிக்கு இடமில்லாத சூழ்நிலையில் அற்புதம் ஒன்றைச் செய்துகாட்டுவோருக்கு ஓர் இலட்சம் ரூபாய் தருவதாக அறைகூவல் விடுத்திருந்தார். கடைசிவரை அத்தொகையை ஒருவரும் வென்றிலர். நம்மிடையே இலங்கையிலிருந்து வந்த குடும்பங்களில் முதியோர் சிலர் அவர் பெயரைக் கேட்டிருக்கக்கூடும். அவர் இந்த ஆட்டத்தின் உலகில் பிறந்திருந்தால் முதல் நாளே இலட்சத்தை இழந்திருப்பார். அங்கே சான்றுக்குப் பஞ்சமில்லை. ஆகவே அங்கே ‘இல்லை’ என்று மறுப்பதற்கு இடமில்லை. எனினும் மறுப்பு அங்கும் ஒழிந்துபோகவில்லை. அது வேறு வடிவம் கொண்டுவிட்டது.

இவ்வாட்டத்திற்கென 1994இல் வெளிவந்த ‘பிளேன்ஸ்கேப்’ என்ற உலகில் அதார் என்றொரு கூட்டத்தார் உண்டு. தெய்வங்கள் என்போர் ஆற்றல் மிக்கவர்களே. ஆயினும் தொழத்தக்கவர் அல்லர் என்பது அவர்கள் கட்சி. வேறோர் உலகில் எத்தெய்வத்தையும் பற்றாது இறந்தவரின் உயிரை ஒரு மதிலில் வைத்துப் பூசிவிடுகிறார்கள். இது கொடுமை என்று ஆடுவோரே நெடுநாள் வாதிட்டிருக்கின்றனர். 2004இல் வந்த ‘எபரான்’ என்ற உலகிலோ தெய்வங்கள் நேரில் வருவதேயில்லை. பூசகர்களின் மந்திரம் பலிக்கிறது. ஆனால் தெய்வத்தால் பலிக்கிறதா, நம்பிக்கையின் வலிமையால் பலிக்கிறதா என்று எவருக்கும் தெரியாது. நாம் வாழும் உலகிற்கு மிக அருகில் இருப்பது அதுவே என்று எனக்குத் தோன்றுகிறது.

‘இருக்கிறாய், அறிவேன், எனினும் பணியேன்’ என்ற குரலைத் தமிழர் கேட்டறியாதவர் அல்லர். கம்பரின் இரணியன் அவ்வகையினன். அது செருக்கின் குரல். மதுரைத் தமிழ்ச் சங்கத்து நக்கீரரும் ஒருவகையில் அவ்வழியினரே. ஆனால் அது நேர்மையின் குரல். புலவராக வந்தவர் இறைவன் என்று தெரிந்த பின்னும், நெற்றிக்கண்ணின் வெப்பம் தாக்கிய பின்னும், பாட்டிற் கண்ட குற்றத்தை அவர் குற்றமென்றே சொன்னார். அவரை நாம் நாத்திகர் என்று தள்ளிவிடவில்லை. கோயிற் புராணத்திலேயே இடம் கொடுத்து வைத்திருக்கிறோம். 1925இல் தன்மான இயக்கத்தைத் தொடங்கிய பெரியாரின் வழி நிற்போரும், அடியார் வழி நிற்போரும் ஒரே பந்தியில் அமர்ந்து உண்ணும் சங்கம் நம்முடையது. ஒரு பிள்ளை பாய்மேல் அமர்ந்து ‘கும்பிடமாட்டேன்’ என்று சொன்னால் அது எந்தக் குரல் என்று முதலில் கேட்டறிய வேண்டும்.

அன்று மாலை அதை நான் கேட்டேன்.

“தம்பி, உன் வீரன் ஏன் எந்தத் தெய்வத்தையும் வணங்குவதில்லை?”

பையன் சற்றுத் தயங்கினான். “அவனுடைய ஊரைக் கடல் கொண்டுபோய்விட்டது, ஐயா. பூசகர்கள் எல்லாரும் இருந்தார்கள். ஒருவரும் தடுக்கவில்லை. அதனால்தான்” என்றான்.

என் அருகில் இருந்த நண்பர் தலை குனிந்தார். அவர் கச்சால் தீவில் பிறந்தவர். 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி உடன்படிக்கையை ஒட்டி இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பங்களில் சிலவற்றை அரசு அங்கே ரப்பர்த் தோட்டத்தில் குடியமர்த்தியதை நம் வாசகர்கள் அறிவார்கள். அவருடைய தாயார் அவ்வாறு வந்தவர். 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் காலை அவ்வம்மையார் கடற்கரைப் பக்கம் போயிருந்தார். உடல் கிடைக்கவில்லை.

“உனக்கு யார் சொன்னது?” என்று நண்பர் மகனைக் கேட்டார்.

“அம்மா சொன்னாள், அப்பா.”

அதன்பின் நண்பர் என்னிடம் தாழ்ந்த குரலில் சொன்னார்: “பத்தாண்டுகள் நான் கோயில் வாசலை மிதிக்கவில்லை, ஐயா. பிள்ளைகளுக்குத் தெரியக் கூடாதென்று வீட்டில் அதைப் பற்றி நான் பேசியதே இல்லை.” அவர் கடிதத்தில் எழுதாத பகுதி இதுதான். மகனின் வாயில் தம்முடைய பழைய குரலைக் கேட்டதுதான் அவருக்குச் சங்கடம்.

ஆட்டம் தொடர்ந்தது. ஒரு பாழ்ங்கோட்டையில் பாலம் இடிந்து, பையனின் வீரன் பள்ளத்தில் வீழ்ந்து இறந்துபோனான். பகடை அவ்வாறு விழுந்தது. பூசகராக ஆடிய அண்டை வீட்டுப் பெண், கூட்டத்தினர் சேர்த்துவைத்திருந்த ஒரே வைரத்தை அவனுக்காகச் செலவிட முன்வந்தாள். அந்த வைரத்தை நம்பித்தான் அவர்கள் ஓர் ஊரை மீட்கப் புறப்பட்டிருந்தார்கள். ஒருவன் வேண்டாமென்றான், மற்றவர்கள் வேண்டுமென்றனர். இறுதியில் கதை நடத்திய பையன், “உயிர் விரும்பினால்தான் மீளும். நீ வருகிறாயா? அழைப்பது தெய்வத்தின் மந்திரம்” என்று கேட்டான்.

நம் பையன் நெடுநேரம் யோசித்தான். பிறகு, “வருகிறேன். சாமிக்காக இல்லை, இவர்கள் கூப்பிடுகிறார்கள், அதனால் வருகிறேன்” என்றான்.

ஆன்றோர் பலரின் சமய விரிவுரைகளைக் கேட்டிருக்கிறேன். அன்று அச்சிறுவன் சொன்ன மறுமொழி என் மனத்தில் நின்றுவிட்டது. நம்பிக்கையற்றவன் என்று தன்னைச் சொல்லிக்கொள்பவனும் அன்பின் அழைப்பை மறுப்பதில்லை. அதை மறுக்காதவனைப் பற்றி நாம் அஞ்ச வேண்டியது என்ன?

பன்னிரண்டு வயதுள்ள அவன் தங்கை ஓரமாய் அமர்ந்து விதிப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தாள். இருபத்தையாயிரம் காசு மந்திரத்தின் விதியை அவள் உரக்கப் படித்தாள். அந்த மந்திரத்திற்கு உடல்கூட வேண்டியதில்லை. உடல் அழிந்துபோயிருந்தால் இறந்தவரின் பெயரைச் சொல்லி அழைத்தாலே போதும். படித்து முடித்துவிட்டு, “அப்பா, இந்த ஆட்டத்தில் அப்பாயியைக் கூப்பிடலாமா? இருநூறு வருஷம் ஆகவில்லையே” என்று கேட்டாள்.

கூடத்தில் ஒருவரும் பேசவில்லை. அவள் குழந்தை, துன்புறுத்தும் நோக்கம் அவளுக்கில்லை. விதியைப் படித்தாள், கேட்டாள். நண்பர் எழுந்து சென்று அவள் அருகில் பாயில் அமர்ந்தார்.

“ஆட்டத்தில் கூப்பிடலாம், அம்மா. நிஜத்தில் வரமாட்டார்கள்” என்றார். பிறகு, “அப்பாயியின் பெயர் உனக்குத் தெரியுமா?” என்று கேட்டார். அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை. பையனுக்கும் தெரிந்திருக்கவில்லை. அப்பாயி என்றே கேட்டுப் பழகிய பிள்ளைகள்! நண்பர் தம் தாயாரின் பெயரைச் சொன்னார். எந்தத் தோட்டத்தில் பிறந்தார், எந்த வயதில் கப்பலேறினார், ரப்பர்ப் பால் எடுக்க விடியற்காலையில் எப்படிப் புறப்படுவார் என்பதையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினார். பகடைகள் ஓரமாகக் கிடந்தன. நான் விடைபெற்று வரும்போது மணி எட்டு. அவர் இன்னும் சொல்லிக்கொண்டிருந்தார்.

அன்பர்களே, நண்பர் கேட்ட கேள்விக்கு என் விடையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஆட்டத்தை நிறுத்த வேண்டா. படிப்பிற்கும் உறக்கத்திற்கும் உரிய நேரத்தை அது விழுங்காதவாறு பார்த்துக்கொள்ளுங்கள். அது எந்த ஆட்டத்திற்கும் பொது. ஆனால் பிள்ளைகளைத் தனியே ஆட விட்டுவிட்டுக் கதவுக்கு அப்பால் நின்று கவலைப்படாதீர்கள். அருகில் அமர்ந்து கேளுங்கள். அவர்கள் ஆட்டத்தில் எழுப்பும் கேள்விகள் பலவும் நம் வீட்டில் நாம் பேசாமல் விட்டவை.

சம்பாபதி கோதமைக்கு மகனைத் திருப்பித் தரவில்லை. அவள் கூறியதைத் தனியே விட்டுவிடாமல், தேவர் அனைவரையும் அழைத்து வந்து உடன் நிறுத்தினாள். இழந்தவருக்கு உண்மையைச் சொல்லும்போது அவரைத் தனியே விடலாகாது என்பதுதான் அக்காதையில் நான் கற்றுக்கொண்டது. தெய்வம் உண்டென்பாரும் இல்லென்பாரும் இதில் கருத்து வேறுபடமாட்டார்கள்.

ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 26 வருகிறது. அன்று மௌனமாக நிற்கிறோம், மாலை சாத்துகிறோம். இவ்வாண்டு அத்துடன் இன்னொன்றும் செய்யுங்கள். கடல் கொண்டுபோன உங்கள் வீட்டவரின் பெயரைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். அவர் எங்கிருந்து வந்தார், என்ன தொழில் செய்தார், எதற்குச் சிரிப்பார் என்று சொல்லுங்கள். உயிர் மீளாது. பெயராவது நம் பிள்ளைகளிடம் மீளட்டும்.